நல்லிருப்புக்கு மறுநாள்: விடைபெறும் சொல்லின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

(சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

1

திருவனந்தபுரத்தில் நவராத்திரி பத்தாம் நாளோடு முடிந்துவிடுவதில்லை. விஜயதசமியன்று வேளிமலைக் குமாரசுவாமி பூஜப்புரை மண்டபத்திற்கு எழுந்தருளித் திரும்பிவிடுகிறார். விழாவுக்குரிய சடங்குகள் நிறைவெய்திவிடுகின்றன. ஆயினும், விருந்தினராக வந்த தெய்வங்கள் உடனே ஊர் திரும்புவதில்லை. மேலும் ஒரு நாள் தங்குகின்றன. அந்நாளுக்கு 'நல்லிருப்பு' என்று பெயர். அதற்கு மறுநாள் காலையில்தான் திரும்பும் பயணம் தொடங்குகிறது.

ஒரு விழா தன் நாள்களுள் ஒன்றைப் பிரிவுக்கென ஒதுக்கி வைப்பது ஏன் என்ற வினா என்னை நெடுநாள்களாகத் தொடர்ந்து வருகிறது. விடுமுறைக்குக் கூடிய குடும்பம் கலையும்போது எழும் வலி எல்லா மக்களுக்கும் பொதுவானது. ஆனால், அவ்வலியை எவ்வாறு தாங்குவது என்பதை ஒவ்வொரு சமூகமும் தனக்கேற்ற வகையில் கண்டறிந்திருக்கிறது. தென் திருவிதாங்கூர் மக்கள் கண்டறிந்த வழியை ஓர் ஊர்வலத்தையும் ஒரு சொற்றொடரையும் முன்வைத்து விளக்க முயல்கிறேன். ஊர்வலம் வரலாற்றைச் சார்ந்தது. சொற்றொடர் இலக்கணத்தைச் சார்ந்தது. இரண்டும் ஒரே செய்தியைக் கூறுகின்றன என்பதே என் கருத்து.

2

ஊர்வலத்தை அறியாத நண்பர்களுக்காகச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் நவராத்திரிக்கு முன்னர் மூன்று தெய்வங்கள் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து திருவனந்தபுரத்திற்குப் புறப்படுகின்றன. பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகியோரே அம்மூவர். சுசீந்திரத்திலிருந்தும் வேளிமலையிலிருந்தும் வருவோர் முதலில் பத்மநாபபுரத்தில் கூடுகின்றனர். அரண்மனையின் உப்பரிகை மாளிகையில் வைக்கப்பட்டிருக்கும் அரச உடைவாள் எடுத்துக் கொடுக்கப்படுகிறது. அது முன்செல்ல, சரஸ்வதி யானை மீதும் ஏனைய இருவர் பல்லக்கிலும் பின்தொடர்கின்றனர்.

பத்மநாபபுரத்திற்கும் திருவனந்தபுரத்திற்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 55 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு மணி நேரத்திற்குள் கடந்துவிடக்கூடிய இத்தொலைவை இவ்வூர்வலம் மூன்று நாள்களில் கடக்கிறது. முதல் இரவு குழித்துறையிலும் இரண்டாம் இரவு நெய்யாற்றின்கரையிலும் தங்குகின்றனர். மூன்றாம் நாள் மாலை கரமனையைக் கடந்து கோட்டையை அடைகின்றனர். சரஸ்வதி கோட்டையின் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்குகின்றனர். உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு வந்தவர்களை ஆளுக்கொரு வீட்டில் தங்கவைப்பது போன்ற ஏற்பாடு இது. திரும்பும்போதும் அதே பாதை. நெய்யாற்றின்கரை, குழித்துறை என அதே இரண்டு இரவுகள்.

'தேவாரக்கட்டு' என்னும் பெயரையும் மொழி மாணவர்கள் கவனிக்க வேண்டும். இங்குள்ள 'தேவாரம்' மூவர் பாடிய பதிகங்களைக் குறிப்பதன்று. வழிபாடு, குறிப்பாக ஒருவர் தமக்கென மேற்கொள்ளும் நாள்வழிபாடு என்பதே இச்சொல்லின் பொருள். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் இப்பொருள் உண்டு. ஆகவே தேவாரக்கட்டு என்பது அரண்மனை வீட்டின் பூசையறை. சரஸ்வதி ஊருக்குப் பொதுவான பெருங்கோயிலின் தெய்வமாக அன்றி, ஒரு வீட்டின் தெய்வமாகவே பயணம் மேற்கொள்கிறாள். இப்படிமம் கம்பர் வழிபட்டது என்றும், அவரிடமிருந்து சேர அரசர் கைக்கு வந்தது என்றும் மரபுவழிச் செய்தி ஒன்று வழங்குகிறது. அதன் வரலாற்று உண்மை எதுவாயினும், தமிழ்ப் புலவர் ஒருவரின் பூசையறையோடு அவளைத் தொடர்புபடுத்தும் விருப்பம் கருதத்தக்கது.

3

இப்பயணம் ஏன் தோன்றியது? ஒரு வீடு மாறியதால் தோன்றியது.

பத்மநாபபுரம் அரண்மனையின் தொடக்கம் 1601 எனக் கூறப்படுகிறது. மார்த்தாண்ட வர்மர் (ஆட்சி 1729–1758) கல்குளம் என்ற பழைய பெயரை மாற்றிப் பத்மநாபபுரம் என்று பெயரிட்டார். அவருக்குப் பின்வந்த கார்த்திகைத் திருநாள் இராம வர்மர் (ஆட்சி 1758–1798) காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாற்றப்பட்டது. பொதுவாக 1795 என்ற ஆண்டைக் குறிப்பிடுவர். அவருடைய திவான் இராஜா கேசவதாஸ் உருவாக்கிய சாலை கடைத்தெரு புதிய தலைநகரின் வணிகத்தைத் தாங்கியது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக விளங்கிய காலம் அது. நெல்லோடு மனிதரும் வடக்கே சென்றனர். கரமனை, ஆரியசாலை, வலியசாலை, கோட்டைப் பகுதித் தெருக்களில் இன்றும் தமிழ் பேசும் குடும்பங்களுள் பலவற்றின் முன்னோர் தெற்கிலிருந்து வந்தவர்களே.

அரசு நினைத்திருந்தால் தன் பூசையறைத் தெய்வத்தையும் புதிய தலைநகரில் நிரந்தரமாகக் குடியமர்த்தியிருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. தலைநகர் நகர்ந்தது, தெய்வம் நகரவில்லை. பழைய வீடு அவளுடைய வீடாகவே இருக்க, புதிய ஊருக்கு ஆண்டுக்கொரு முறை அவள் விருந்தாக வந்து செல்கிறாள். சுவாதித் திருநாள் (ஆட்சி 1829–1846) நவராத்திரிக்கென ஒன்பது கீர்த்தனைகள் இயற்றினார். நாளுக்கு ஒன்றாக அவை இன்றும் அம்மண்டபத்தில் அவள் முன்னிலையில் பாடப்படுகின்றன. ஒன்பது நாள் இசையும் விருந்தாளிக்குச் செய்யும் உபசாரமே.

இங்கே பிரிவு என்பது விழாவின் இறுதியில் தவிர்க்கவியலாமல் நேரும் துன்பமன்று. விழாவின் அமைப்பிலேயே அடங்கியது. குடிபெயர்ந்தவர் தம் பழைய வீட்டை மறக்காதிருக்கும்பொருட்டு, பழைய வீட்டிலிருந்து ஒருவர் வந்து, தங்கி, திரும்பிச் செல்ல வேண்டியிருக்கிறது. அவர் இங்கேயே தங்கிவிட்டால் பழைய வீடு என ஒன்று இல்லாமற்போய்விடும்.

4

இதை நான் நூல்களிலிருந்து மட்டும் அறியவில்லை. என் ஆச்சி தக்கலையில் வாழ்ந்தவர். பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் வீடு. ஆச்சியின் தங்கை, எங்களுக்குச் சின்ன ஆச்சி, 1954-இல் கரமனையில் வாழ்க்கைப்பட்டார். ஒவ்வொரு பூசை விடுமுறைக்கும் ஆச்சி கரமனைக்குச் செல்வது வழக்கம். முதலில் பேருந்தில், 1979-இல் திருவனந்தபுரம்–நாகர்கோவில்–கன்னியாகுமரி இருப்புப்பாதை திறக்கப்பட்ட பின்னர் இரணியலிலிருந்து தொடர்வண்டியில். அக்காளும் தங்கையும் ஆண்டில் பல முறை சந்தித்துக்கொண்டனர் எனினும், சேர்ந்தாற்போல் பத்து நாள் ஒரே கூரையின் கீழ் உறங்கியது பூசைக் காலத்தில் மட்டுமே.

அவர்கள் எவ்வாறு பிரிந்தார்கள் என்பதைச் சிறுவயதில் பல முறை பார்த்திருக்கிறேன். ஆச்சி எப்போது ஊர் திரும்புவார் என்ற பேச்சே அவ்வீட்டில் எழாது. நல்லிருப்பு நாளன்று சின்ன ஆச்சி முந்திரிக்கொத்து சுடுவார். ஏத்தங்காய் உப்பேரி வறுத்து டின்னில் அடைப்பார். மறுநாள் காலை ஊர்வலம் கரமனையைக் கடக்கும். இருவரும் சாலையோரம் நின்று கும்பிடுவர். பின்பு வீட்டுக்கு வந்ததும் ஆச்சி, "குமாரசாமி பொறப்பட்டாச்சு. இனி நாமளும் பொறப்பட வேண்டியதுதான்" என்பார். அவ்வளவே. யார் முதலில் எழுவது, எழுந்தவர்மேல் யார் வருத்தப்படுவது என்ற சங்கடத்திற்கு இடமே இல்லை. புறப்படும் நாளைத் தெய்வம் குறித்துவிட்டது.

விடுமுறையின் இறுதி நாளில் நம்மை வருத்துவது பிரிவு மட்டுமன்று. பிரிவை நாமே அறிவிக்க வேண்டியிருப்பதும்தான். பயணச்சீட்டை முன்பதிவு செய்தவரே குற்றவாளியாகிறார். "இன்னும் ஒரு நாள் இருந்தால் என்ன" என்ற கேள்விக்கு அவரிடம் விடை இருப்பதில்லை. என் ஆச்சியின் தலைமுறைக்கு இச்சுமையைப் பொதுவான நாட்காட்டி ஒன்று தாங்கியது. "இன்னும் ஒரு நாள்" என்ற வேண்டுதலும் முன்கூட்டியே ஏற்கப்பட்டிருந்தது. நல்லிருப்பு என்பது அந்த இன்னும் ஒரு நாள்தான்.

தொல்காப்பியர் இவ்வழக்கத்தை வேறொரு சூழலில் கண்டிருக்கிறார். பொருள்வயிற் பிரியும் தலைவன் புறப்பட்டுவிட்டுத் தயங்கி நிற்பதற்குச் 'செலவழுங்கல்' என்று பெயர். கலித்தொகையின் பாலைப் பாடல்களுள் பல இச்சூழலில் அமைந்தவை. கற்பியலில் தொல்காப்பியர் தரும் விளக்கம் நுட்பமானது: செலவழுங்குதல் என்பது செல்லாதிருப்பதன்று, பிரியப்படுபவரை ஆற்றுவித்து, உறுதி கூறுவதற்காகச் சற்றே தவிர்வது என்கிறார். அதாவது வாசலில் நிற்கும் அந்தப் பத்து நிமிடம் கோழைத்தனமும் அன்று. கால விரயமும் அன்று. தங்கும் காலம் வேறு, செல்லும் காலம் வேறு, ஆற்றுவிக்கும் காலம் வேறு. மூன்றாவதற்கும் இலக்கணத்தில் ஓர் இடம் தரப்பட்டிருக்கிறது. கோயில் நாட்காட்டி அதற்கு ஒரு முழு நாளைத் தந்திருக்கிறது.

5

இனி, சொற்றொடருக்கு வருகிறேன். 'போய் வருகிறேன்' என்று கூறுமாறு நம்மைத் திருத்தாத மூத்தோர் இல்லை. 'போகிறேன்' என்பது அமங்கலம் என்பதே இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். அது தவறன்று. நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுக்கிறார். இறந்தாரைத் 'துஞ்சினார்' என்பதும், சுடுகாட்டை 'நன்காடு' என்பதும் மங்கலத்திற்கு வழக்கமாகக் காட்டப்படும் சான்றுகள். 'போனார்' என்பது இறப்பையும் குறிக்கும் மொழியில், வாசலில் நின்று 'போகிறேன்' என்பதற்கு நாக்குக் கூசுவது இயல்பே.

ஆனால் மங்கலம் என்ற விளக்கம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. தவிர்க்கப்படும் சொல் எது என்பதை அது கூறுகிறது. தேர்ந்துகொள்ளப்படும் சொல் ஏன் 'வருகிறேன்' என்பதைக் கூறுவதில்லை. துயிலைப் போலவோ நன்மையைப் போலவோ வேறொரு மங்கலச் சொல் ஏன் அவ்விடத்தில் நிலைபெறவில்லை?

விடை கிளவியாக்கத்தில் இருக்கிறது. செலவு, வரவு, தரவு, கொடை என்னும் நான்கு வினைகளைத் தொல்காப்பியர் இடத்தோடு சேர்த்து ஆராய்கிறார். வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. இன்றைய வழக்கிலும் இது பெரும்பாலும் நிற்கிறது. 'நாளை உன் வீட்டுக்கு வருகிறேன்' என்கிறோம். 'நாளை அவர் வீட்டுக்குப் போகிறேன்' என்கிறோம். தருக, கொடுக்குக என்னும் வேறுபாட்டை மலையாளம் தமிழைவிடக் கண்டிப்பாகவே காத்து வருகிறது. சார்லஸ் ஃபில்மோர் 1971-இல் சுட்டு பற்றி நிகழ்த்திய விரிவுரைகளில் ஆங்கிலத்தின் வருதல், போதல் வினைகளை ஆராய்ந்தார். பேசுவோரும் கேட்போரும் இருக்கும் இடத்தை மையமாகக் கொண்டே அவ்வினைகள் பொருள்தருகின்றன என்பதை அவர் விரிவாக விளக்கினார். தொல்காப்பியரின் நூற்பாக்களை வாசித்தவர்களுக்கு அச்செய்தி புதிதாகத் தோன்றாது.

இந்த இலக்கணத்தின்படி வாசலில் நிற்பவரின் கூற்றை நோக்குவோம். 'போகிறேன்' என்று மட்டும் கூறினால் என் பயணத்தின் மையம் நான் செல்லும் ஊர். கேட்பவர் அங்கே இல்லை. அவர் என் தொடருக்கு வெளியே நின்றுவிடுகிறார். 'வருகிறேன்' என்றால் பயணத்தின் மையம் கேட்பவர் நிற்கும் வாசற்படி. நான் எவ்வளவு தொலைவு சென்றாலும் அவரை நோக்கியே செல்பவராகிறேன்.

தொடரின் அமைப்பும் இதற்குத் துணைநிற்கிறது. 'போய்' என்பது இறந்தகால வினையெச்சம். இன்னும் படியிறங்காத ஒருவர் போதலை முடிந்துபோன செயலாகவும், வேறொன்றைச் சார்ந்திருக்கும் செயலாகவும் கூறுகிறார். தொடரின் முற்றுவினை 'வருகிறேன்'. அதுவும் எதிர்காலத்தில் அமையாமல் நிகழ்காலத்தில் அமைந்திருக்கிறது. இயற்கையும் தெளிவும் கருதி எதிர்கால நிகழ்ச்சியை இறந்தகாலத்தாலும் நிகழ்காலத்தாலும் கூறலாம் என்று வினையியல் இடமளிக்கிறது. 'வருவேன்' என்பது விருப்பமாகவோ முயற்சியாகவோ இருக்கக்கூடும். 'வருகிறேன்' என்பதில் உள்ளது தெளிவு. ஆக, இரண்டு சொற்களில் இடம், சார்பு, காலம் ஆகிய மூன்றும் ஒரு வாக்குறுதிக்காக ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளன.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். 'விடு' என்னும் ஒரே அடியிலிருந்து நாம் பெற்ற சொற்கள் பல. அலுவலகம் நம்மை விடுவது விடுமுறை, தங்குமிடம் விடுதி, புறப்படக் கேட்கும் இசைவு விடை. கெடு என்பது கேடு என்றும், சுடு என்பது சூடு என்றும் நீள்வது போல விடு நீண்டு வீடு ஆகிறது. இல், மனை, அகம் என்னும் பழஞ்சொற்களோடு காலப்போக்கில் வீடும் இல்லத்தைக் குறிக்கலாயிற்று. மலையாளத்திலும் இல்லம் வீடுதான், விடைபெறுதல் 'விட'தான். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து விடைபெறும் ஒருவர் ஒரே வேர்ச்சொல்லை மூன்று முறை வாழ்ந்து கடக்கிறார். பிடித்துக்கொள்ளும் இடத்திற்கு 'விடு' என்ற அடியிலிருந்து பெயரிட்ட மொழி, விடுவது பற்றி ஏதோ அறிந்திருக்கிறது.

6

இத்தொடர் தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பதைக் கூறாவிட்டால் நேர்மையாகாது. மலையாளத்தில் 'போயிட்டு வராம்', கன்னடத்தில் 'ஹோகி பர்தீனி', தெலுங்கில் 'வெள்ளொஸ்தானு'. திராவிடக் குடும்பத்திற்கு வெளியே சிங்களத்திலும் 'கிஹின் என்னம்' என்றே விடைபெறுகின்றனர். சொல்லுக்குச் சொல் 'போய் வருகிறேன்'. வங்கமொழி இன்னும் ஒரு படி மேலே சென்று போதலை அறவே நீக்கிவிட்டது. அங்கே புறப்படுபவர் 'ஆஷி' என்கிறார். 'வருகிறேன்' என்பது மட்டுமே பொருள். நம் ஊரில் தெய்வங்கள் நல்லிருப்பை எதிர்நோக்கியிருக்கும் அதே தசமி நாளில், வங்கத்தில் தாய்வீடு வந்த உமை கணவன் வீடு திரும்புகிறாள்.

மரே எமனோ 'இந்தியா ஒரு மொழிப்பரப்பு' என்னும் தம் புகழ்பெற்ற கட்டுரையை 1956-இல் வெளியிட்டார். வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த மொழிகள் நெடுங்காலம் அருகருகே வாழும்போது பண்புகளைப் பகிர்ந்துகொண்டு ஒரே பரப்பாகின்றன என்பது அதன் மையக் கருத்து. விடைபெறும் தொடரையும் இப்பரப்பின் பொதுச்சொத்தாகக் கருத இடமுண்டு என்பது என் எண்ணம்.

அதே 1956-ஆம் ஆண்டு, நவம்பர் 1-ஆம் நாள், இந்திய மாநிலங்கள் மொழியடிப்படையில் திருத்தியமைக்கப்பட்டன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து பிரிந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. அவ்விணைப்புக்காகத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசார் நடத்திய போராட்டமும், 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நிகழ்ந்த துப்பாக்கிச்சூடும், அதில் உயிர்நீத்தோரும் மறக்கத்தக்கவர் அல்லர். தாய்மொழியில் ஆளப்பட வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். எனினும் எந்த எல்லைக்கோடும் உறவுமுறையைக் கேட்டு வரையப்படுவதில்லை. 1954-இல் சின்ன ஆச்சி ஒரே அரசின் ஒரு தாலுகாவிலிருந்து மற்றொன்றுக்கு வாழ்க்கைப்பட்டார். இரண்டே ஆண்டுகளில் அவர் வேற்று மாநிலத்தவரானார். தங்கை வீட்டிலிருந்து அக்காள் திரும்புவது களியக்காவிளையைக் கடந்து மாநிலம் மாறுவதாயிற்று.

நவராத்திரி ஊர்வலம் அப்போதே நின்றுபோயிருக்கலாம். அரசர்கள் இல்லை, அரசும் ஒன்றல்ல. பத்மநாபபுரம் அரண்மனை தமிழக மண்ணில் இருந்தாலும் அதைப் பேணுவது கேரளத் தொல்லியல் துறை. வேளிமலையும் சுசீந்திரமும் தமிழக அறநிலையத் துறையின் கீழ் உள்ளன. இவ்வளவு பிரிவினைக்குப் பின்னரும் ஊர்வலம் தொடர்கிறது. களியக்காவிளையில் கேரள அரசின் சார்பில் வரவேற்பு. இரு மாநிலக் காவலரின் அணிவகுப்பு மரியாதை. பெருந்தொற்று நிலவிய 2020-இல் கூட ஆள் குறைத்து இப்பயணம் நடைபெற்றது.

அரசுகளின் விடுமுறைப் பட்டியலும் இவ்வுறவை மறக்கவில்லை. ஓணத்திற்குக் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளூர் விடுமுறை அளிக்கப்படுகிறது. பொங்கலுக்குத் திருவனந்தபுரம் உள்ளிட்ட கேரளத்தின் ஆறு எல்லை மாவட்டங்களில் விடுமுறை அளிக்கப்படுகிறது. ஓணமும் நமக்கு அயலானதன்று. மதுரையில் அது கொண்டாடப்பட்டதை மதுரைக்காஞ்சி குறிப்பிடுகிறது. அதுவும் வந்து திரும்பும் விருந்தாளியின் விழாவே. மாவேலி ஆண்டுக்கொரு முறை தம் மக்களைக் காண வருகிறார். தங்குவதற்கு அவருக்கு இசைவில்லை. இங்கிருந்து போனவர், போன இடத்திலிருந்து வருபவர் ஆகிய இருவகை விருந்தினருக்கும் தென் திருவிதாங்கூர் மக்கள் விழா எடுத்திருக்கின்றனர்.

7

ஆச்சி மறைந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பின் என் பேச்சில் நேர்ந்த ஒரு மாற்றத்தைத் தாமதமாகவே கவனித்தேன். முன்பெல்லாம் காரியவட்டம் விடுதியிலிருந்து தொலைபேசியில் "ஆச்சி, வெள்ளிக்கிழமை வாறேன்" என்பேன். இப்போது நண்பர்களிடம், "வெள்ளிக்கிழமை தக்கலைக்குப் போறேன்" என்கிறேன். வீடு அங்கேயே இருக்கிறது. சாவி மாமாவிடம் இருக்கிறது. ஊரும் பாதையும் மாறவில்லை. வினை மட்டும் மாறிவிட்டது. முன்னிலையில் ஒருவர் இல்லாதபோது அவ்வீடு படர்க்கைக்குப் போய்விட்டது. கிளவியாக்கத்தின் அந்த நூற்பாக்களை முதுகலை வகுப்பில் மனப்பாடம் செய்து தேர்வெழுதியிருக்கிறேன். அவை கூறுவது ஓர் இழப்பின் அளவையும் என்பதை அப்போது அறிந்திருக்கவில்லை.

இவ்வாண்டு பூசை விடுமுறையைக் கரமனையில் கழித்தேன். சின்ன ஆச்சிக்கு இப்போது நடமாட்டம் குறைவு. ஆயினும் நல்லிருப்பு நாளன்று அடுக்களையில் நாற்காலி போட்டு அமர்ந்து, அருகிருப்போரை ஏவி முந்திரிக்கொத்து செய்வித்தார். வழக்கம்போலத் தக்கலை வீட்டுக்கென ஒரு டின் தனியே நிறைந்தது. யாருக்கு என்று எவரும் கேட்கவில்லை. மறுநாள் காலை சாலையோரம் நாற்காலியிலேயே அமர்த்தினோம். யானை மீது சரஸ்வதியும் பின்னே பல்லக்குகளும் கடந்தன. கூப்பிய கையோடு, "போயிட்டு வா" என்றார். தெய்வத்தை ஒருமையில் விளிப்பதை நாம் பக்தி இலக்கியத்தில் நிரம்பக் கண்டிருக்கிறோம். ஆயினும் அந்த ஒருமை அவர் தம் அக்காளிடம் பேசும் ஒருமையாகவே என் காதில் விழுந்தது.

வீடு திரும்பியதும் என் பையையும் அந்த டின்னையும் எடுத்துக்கொண்டேன். அன்று மாலையே தக்கலை செல்வதாக ஏற்பாடு.

"தக்கலைக்கா மக்களே?"

"ஆமா சின்னாச்சி, போறேன்."

"போறேன்னு சொல்லப்பிடாது. போயிட்டு வாறேன்னு சொல்லு."

ஆயிரம் முறை கேட்ட திருத்தம்தான். ஆயினும் அன்று அதன் பொருள் வேறாக இருந்தது. நான் தக்கலையிலிருந்து கரமனைக்கு விருந்தாக வந்திருப்பதாகவும், வீட்டுக்குத் திரும்புவதாகவும் அதுவரை எண்ணியிருந்தேன். அவரோ என் பயணத்தின் மையத்தைத் தம் வாசலுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். முன்னிலை காலியாக இருந்த என் தொடருக்கு ஒரு முன்னிலை கிடைத்தது.

"போயிட்டு வாறேன்" என்றேன்.

"பைய போயிட்டு வா" என்றார்.

'பைய' என்பதற்கு மெல்ல, நிதானமாக என்று பொருள். செய்யுளிலும் உள்ள சொல். தக்கலையிலும் கரமனையிலும் விடைகொடுப்போர் இன்றும் அதைத் தவறாமல் சேர்க்கின்றனர்.

உங்கள் பகுதியில் விடைபெறும்போது புறப்படுபவர் கூறும் தொடரையும், விடைகொடுப்பவர் கூறும் தொடரையும் வட்டார ஒலிப்போடு எழுதியனுப்பினால் தொகுத்துக்கொள்வேன். கொங்கு, நெல்லை, செட்டிநாடு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் ஆகிய பகுதிகளின் வழக்குகளை அறிய விழைகிறேன். குறிப்பாக, விடைகொடுப்பவரின் தொடர்கள் வேண்டும். புறப்படுபவரின் சொல்லை நாம் ஓரளவு ஆராய்ந்திருக்கிறோம். வாசலில் நிற்பவரின் சொல் இன்னும் போதிய அளவு தொகுக்கப்படவில்லை.